முருங்கைக்கு அந்தப் பக்கம் ஓர் உலை

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு சீமெந்து வெடித்தது.

முதலில் ‘பட்’ என்று ஒன்று. நான் குனிந்தேன். பிறகு ‘பட் பட்’ என்று இன்னும் சில. உள்ளங்கையளவு சீமெந்துச் சில்லு ஒன்று நெருப்பிலிருந்து கிளம்பி, என் காதைத் தாண்டிப் பறந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமியின் தொழுகைப் புடவையில் போய் இறங்கியது. வெள்ளைப் புடவை. நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டையின் ஓரம் சிவந்து, கறுத்து, சாவகாசமாக அணைந்தது.

மாமி அப்போதுதான் வுளூச் செய்துவிட்டு, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மருமகன், புயலுக்குத் தப்பின புடவ இது.”

அவ்வளவுதான் சொன்னார். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஹபீபா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினாள்.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் கடலையும் நிலவையும் தேடி வருகிறவர்கள் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் முழுக்கப் புகை.

கதவில்லாத வீடு

எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளையானவன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். வீடு நிற்கிற காணி, அதாவது வளவு, மாமியின் வளவு. வீடு ஹபீபாவின் வீடு. எனக்கென்று அங்கே இருந்தவை ஒரு சைக்கிள், கொஞ்சம் புத்தகங்கள், ஓயாமல் எதையாவது செய்யத் துடிக்கும் இரண்டு கைகள்.

கைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பகலில் கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுத்து வேலை. பின்னேரங்களில் கவிதை. இரண்டிலும் கை எதையும் தொடுவதில்லை. அது எனக்கு ஒரு நோய் போல இருந்தது.

சூறாவளி அடித்துப் போன அடுத்த வருஷம் அது. ஹபீபாவின் தங்கை ஸுலைகாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஜலீல், வரிப்பத்தான்சேனைப் பையன், வயல் குடும்பம். ஸுலைகாவுக்கென்று அதே வளவில் கட்டிய வீட்டின் கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது. மாமாவும் மாமியும் உயிரைக் கொடுத்துக் கூரையைத் திரும்பவும் போட்டார்கள். சுவர் பூசியாயிற்று. நிலையும் நிறுத்தியாயிற்று. கதவு மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது.

விழுந்துபோன ஒரு பழைய வீட்டிலிருந்து வந்த முதிரை மரக் கதவு அது. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அதை நிலையோடு பிணைக்கும் கீல்களை, எங்கள் பேச்சில் பிணைச்சல்களை, காற்று பிய்த்தெடுத்திருந்தது. கடைகளில் பிணைச்சல் என்ற பொருளே இல்லை. ஊரில் கதவு பறிபோகாத வீடு எது? கடைசியில் கிடைத்தது ஒரு மெல்லிய தகரச் சாமான். கதவை மாட்டியதும் அது வெற்றிலை மாதிரி மடிந்தது.

பட்டறைக்காரரிடம் போனேன். வாசலில் பிணைச்சலுக்கு ஒரு கூட்டம், அறுவடைத் தாக்கத்திக்கு இன்னொரு கூட்டம்.

“போகம் வெட்டி முடியட்டும் தம்பி. பிறகு கதைப்பம்” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

போகம் வெட்டி முடியும்போது நோன்பும் முடிந்திருக்கும். அங்கேதான் சிக்கல். பெருநாள் கழிந்ததும் ஜலீல் அரபு நாட்டுக்குப் போக இருந்தார். நோன்பு மாதத்தில் கலியாணம் வைப்பதில்லை; அதற்கு முந்தி நடக்காவிட்டால் பிறகு இரண்டு வருஷம். இரண்டு வருஷத்தில் எத்தனை பேச்சு மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜலீலின் உம்மா ஆமினா உம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார்: “கதவு பூட்டின வூட்டுக்குத்தான் என்ட மகனக் கொண்டு வருவன்.”

அன்று பகல் சோற்றில் கை வைத்தபடி நான் சொன்னேன்: “நான் அடிச்சித் தாறன்.”

மாமி மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். அகப்பை நின்றது.

“என்னத்த?”

“பிணைச்சல. வளவுக்குள்ள ஒரு சின்ன உலை போட்டாக் காணும்.”

“யா அல்லாஹ்” என்றார் மாமி. பிறகு, மருமகனிடம் மரியாதை குறையக்கூடாது என்பதற்காக, “மீன் துண்டு இன்னொண்டு வைக்கட்டா?” என்று கேட்டார்.

கச்சான் காற்றின் பேச்சைக் கேட்டேன்

எங்கள் கரையில் அந்த மாதங்களில் வீசுவது கச்சான். மேற்கிலிருந்து, வயல்களையெல்லாம் கடந்து, ஈரம் அத்தனையையும் குடித்துவிட்டு வரும் காற்று. உதட்டை வெடிக்க வைக்கும். புருஷன் பெண்சாதியைச் சண்டை பிடிக்க வைக்கும். வாசித்துக்கொண்டிருக்கிற பக்கத்தை, முடிப்பதற்குள் அதுவே புரட்டிப் போடும். அந்தக் காற்றில் ஒரு தீப்பொறி எழுந்தால் தென்னோலைக் கிடுகுக் கூரை என்ன ஆகும்?

எங்கள் குசினி கிடுகு. எனவே உலை குசினிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக, பொறி பறந்தாலும் வெறும் மணலில் விழுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம்தான் இருந்தது. வளவின் நடுவில் நின்ற முருங்கைக்கு அந்தப் பக்கம்.

அந்த முருங்கைக்கு ஒரு வரலாறு உண்டு. மாமி ஒருநாள் வெற்றிலையை மென்றுகொண்டே கையை நீட்டி வளவைப் பிரித்திருந்தார். கிணற்றிலிருந்து முருங்கை வரை மூத்தவளுக்கு. முருங்கையிலிருந்து கடற்பக்க வேலி வரை இளையவளுக்கு. கலியாணப் பேச்சிலும் அதையே சொல்லியிருந்தார். உறுதிப் பத்திரம் எழுதவில்லை. மாமியின் கைதான் உறுதி. எனக்கும் அது தெரியும். ஆனால் நான் காற்றைப் பற்றித்தான் யோசித்தேன், காணியைப் பற்றி யோசிக்கவில்லை. எரிகிற கூரையை அணைப்பதை விட எரியாத இடத்தைத் தேடுவது புத்தி என்று நினைத்தேன். புத்தியாக ஒரு காரியம் செய்தால் அது எந்தப் பக்கத்தால் திரும்பிக் கடிக்கும் என்று சொல்ல முடியாது.

உலைக்கு அடி எதில் போடுவது? மணற்கரையில் வாழ்கிறவனுக்கு இதில் யோசனையே தேவையில்லை. கிணற்றுக்கு இறக்கும் சீமெந்து வளையமான கொட்டு இல்லாத வளவு எங்கள் பக்கத்தில் கிடையாது. உடைந்த கொட்டில் வாழை நடுவோம், மாட்டுக்குத் தண்ணீர் வைப்போம், கோழி அடைப்போம். நானும் உடைந்த கொட்டு ஒன்றை உருட்டி வந்து, பாதி வரை மணல் நிரப்பி, பக்கத்தில் ஒரு துளை போட்டு, அதில் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகினேன். தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் குவித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சீமெந்துக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். கிணற்றில் கிடந்த கொட்டென்றால் கேட்கவே வேண்டாம். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லையென்றால் சீமெந்தைப் பிய்த்துக்கொண்டு வரும். மீதியை மாமியின் புடவை சொல்லும்.

பூனைகள் தின்ற துருத்தி

வெடித்தது ஒருபுறம். நெருப்பை ஊதுவது எதைக் கொண்டு?

முதலில் சைக்கிள் பம்ப். ஒரு மணித்தியாலம் அடித்தேன். கரி என்னைப் பார்த்து ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுத் தூங்கியது. என் தோள் மட்டும் பழுக்கக் காய்ந்தது.

பிறகு துருத்திக்கு ஆட்டுத்தோல். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்ததற்கு ஆடறுத்து அகீகா கொடுத்திருந்தார்கள். தோலைக் கேட்டு வாங்கி, உப்புத் தடவி, முருங்கையில் கட்டித் தொங்கவிட்டேன். தோலைப் பதப்படுத்துவது ஒரு தனித் தொழில் என்பதை மீன்காரத் தெருப் பூனைகள் எனக்குக் கற்றுத் தந்தன. காலையில் பார்த்தால் ஒரு பூனைக் கூட்டமே என் துருத்தியைச் சுற்றி உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருக்கிறது. மிச்சத்தை மண்ணில் புதைத்தேன். அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஹபீபா சோற்றுப் பீங்கானை எட்ட நின்று நீட்டினாள்.

“கவிதைக்கு மணம் இல்லாதது எவ்வளவு நல்லம்” என்றாள்.

ஸுலைகா அதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் பேசி முடித்த பெண். வேலிக்கு வெளியே போகக்கூடாது. வேலிக்குள்ளே நான்தான் அவளுக்குத் தினமும் நடக்கிற நாடகம். அன்றைக்கு அவள் வாய் திறந்தாள்.

“மச்சான், வாப்பாட உழவு மிசின் டியூப் கிழிஞ்சி சும்மா கிடக்கு. தேயிலப் பெட்டிப் பலகையும் கிடக்கு. ரெண்டையும் சேத்து அடிச்சா என்ன?”

எனக்குக் கோபம் வந்தது. நல்ல யோசனை அடுத்தவருக்கு வரும்போது யாருக்குத்தான் வராது? இரண்டு பலகைகளை ஒரு பக்கம் சேர்த்துக் கட்டி, மற்றப் பக்கம் வாய் திறக்கிற மாதிரி விட்டு, சுற்றிலும் டியூப் றப்பரை ஆணியடித்தோம். கீழ்ப் பலகையில் ஒரு துளை. காற்று உள்ளே வரலாம், திரும்பிப் போகக்கூடாது. அதற்கு ஒரு தோல் மூடி வேண்டும் என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் வெள்ளிக்கிழமைச் செருப்பின் அடித்தோலைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டாள்.

“அது ஜும்ஆவுக்குப் போற செருப்பு!”

“பள்ளிக்குள்ள செருப்போடயா போற நீங்க?”

மேல் பலகையைத் தூக்கி அமுக்கினாள். ‘ஹூ...ஹ்’ என்று ஒரு பெருமூச்சு குழாய் வழியாக வந்து மணலில் குழி பறித்தது. அந்த மூச்சைக் கேட்ட கணத்தில், செருப்பு போன துக்கத்திலும், என் நெஞ்சு விரிந்தது. மரமும் றப்பரும் சேர்ந்து சுவாசிக்கத் தொடங்கியதைப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்பது போல இருந்தது.

களி தேடிப் போனது

சீமெந்துக்குப் பதில் களிமண்தான் என்று முடிவாயிற்று. கரையில் ஏது களி? தோண்டத் தோண்ட மணல், அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கே வயற்பக்கம், சவளக்கடைக்குப் போனேன். மாமா அங்கேதான் வயல் காவல் குடிலில், வாடியில், கிடந்தார். கதிர் தள்ளத் தொடங்கிய பயிர் காற்றில் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தது. என்னை மண்வெட்டியோடு கண்டதும் மாமா வாடியை விட்டு ஓடி வந்தார்.

“மருமகன், வரம்புல மட்டும் கை வைச்சிராதங்க. வரம்பு வெட்டினவன்ட பேர் மூணு போகத்துக்கு நாறும்.”

வாய்க்கால் துப்புரவாக்கிக் கரையில் எறிந்திருந்த களியைக் காட்டினார். உரப்பையில் அள்ளிக் கட்டி, சைக்கிள் பின் கரியரில் ஏற்றினேன். திரும்பும் வழியெல்லாம் கச்சான் முதுகைத் தள்ளியது. சைக்கிளின் முன்சில்லு அடிக்கடி ஆகாயத்தைப் பார்த்தது.

களியில் மாட்டுச் சாணம் கலந்தால் வெடிக்காது என்று தெருவில் போன ஒருவர் வேலிக்கு மேலால் ஆலோசனை சொன்னார். எங்கள் ஊரில் வேலிக்கு மேலால் ஆலோசனை சொல்லாதவர் யார்? மாமியின் காதில் அது விழுந்தது.

“தொழுற வளவுக்குள்ள நஜீசக் குழைக்கிறதா? என்ட ஹயாத்துள்ள வரைக்கும் நடக்கா.”

மாமிக்கு அசுத்தமான சாணத்துக்குப் பதிலாக உமி கலந்தேன். ஒரு தகரத் தாச்சியின், அதாவது அகன்ற சட்டியின், உட்புறம் நாலு விரல் தடிப்பில் பூசினேன். அவசரத்தில் மறுநாளே மூட்டினேன். களி வயலைப் போலப் பிளந்தது. திரும்பக் குழைத்து, திரும்பப் பூசி, இந்தத் தரம் நிழலில் காயவிட்டு, வெடிப்பு விழுந்த இடத்தை ஈரத் துணியால் தடவித் தடவி அடைத்தது ஸுலைகா. நான் பொறுமையில்லாமல் முருங்கையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு, பெரிய சம்மட்டித் தலை ஒன்றை வேப்பங்குற்றியில் இறக்கிக்கொண்டேன். (“அம்மியத் தொட்டீங்களெண்டா நான் சவளக்கடைக்குப் போயிருவன்” என்று மாமி எச்சரித்திருந்தார்.) இரும்புக்கு, பழைய மாட்டுவண்டிச் சில்லின் பட்டம். மாமி சட்டை தேய்க்கும் ஸ்திரிக்கைப் பெட்டிக்கென்று சேர்த்து வைத்த சிரட்டைக் கரி தினமும் குறைந்துகொண்டு வந்தது.  கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனேன்.

இரும்பு சிவந்தது. அந்த நிறத்தை எழுத எனக்கு இன்றைக்கும் வார்த்தை இல்லை. நோன்பு திறக்கிற நேரத்து மேற்கு வானம் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். முதல் துண்டை ஆறிய பிறகும் அடித்துப் பிளந்தேன். இரண்டாவது துண்டை அதிகம் காய்ச்சி, வெள்ளைப் பொறி பறக்க எரித்தேன். மூன்றாவதன் நுனியை ஒரு பாரமான ஆணியைச் சுற்றி வளைத்து மூடியபோது, அது பிளக்காமல் வளைந்தது. ஆணி ஏறக் கண் திறந்த பிணைச்சல். விகாரமாகத்தான் இருந்தது. ஆனால் கதவைத் தாங்கும்.

மூன்று வேண்டும். ஒன்று முடிந்து, இரண்டாவது நெருப்பில் கிடந்தபோது, வாசலில் உழவு மிசின் வந்து நின்றது.

வீடு பார்க்க வந்தவர்கள்

ஆமினா உம்மாவும் அவருடைய தம்பியும் இறங்கினார்கள். முன்னறிவிப்பு இல்லை. ஸுலைகா துருத்தியை விட்டுவிட்டுப் பாய்ந்து வீட்டுக்குள் மறைந்தாள்.

ஆமினா உம்மா வீட்டைப் பார்க்கவில்லை. முருங்கையடியில் நின்று, முருங்கையைப் பார்த்தார், உலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது இளையவட பக்கமெல்லுவா?” என்று மாமியைக் கேட்டார்.

“ஓம், இளையவட பக்கந்தான்” என்றார் மாமி. குரல் இறங்கியிருந்தது.

“அப்ப மூத்த மருமகன் இப்பவே காலை நீட்டிட்டார் போல.”

நான் விளக்கினேன். கச்சான், கிடுகு, தீப்பொறி, குசினி. அவர் முழுக்கக் கேட்டார்.

“காத்து அடிக்கிற பக்கமெல்லாம் காணி பிடிச்சா, நாளைக்கு வாடை அடிக்கிற காலத்துல எந்தப் பக்கம் பிடிப்பீங்க மகன்?”

அவருடைய தம்பி உலையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, “அத்திவாரம் மாதிரித்தான் கிடக்கு ராத்தா” என்றார். தாச்சிக்கு அத்திவாரம்!

“நாங்க வயல்காரர்” என்றார் ஆமினா உம்மா மாமியிடம். “வரம்புல சண்ட வந்தா என்னெண்டு தெரியும். என்ட மகன் வெளிநாட்டுல கிடக்கக்குள்ள இஞ்ச வளவுச் சண்ட வேணாம். யோசிச்சிச் சொல்லி அனுப்புறம்.”

யோசித்துச் சொல்லி அனுப்புவது என்றால் எங்கள் பக்கத்தில் ‘சம்பந்தம் வேண்டாம்’ என்று பொருள் என்பது மாமிக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மாதமாக எனக்குள் சேர்ந்த புகை அத்தனையும் தலைக்கு ஏறியது. பக்கத்தில் கிடந்த அலவாங்கை, இரும்புக் கடப்பாரையை, தூக்கினேன்.

“இந்தா, இடிச்சிர்றன்! சரியா? இடிச்சா உலையும் இல்ல, பிணைச்சலும் இல்ல, கதவும் இல்ல. பிறகு கதவில்லாத வூட்டுக்கு மகனத் தரமாட்டம் எண்டும் நீங்கதான் சொல்லுவீங்க!”

“மச்சான், வையுங்க அத.”

ஸுலைகா வாசலில் நின்றாள். தலையில் முக்காடு. முகத்தில் கரி. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கலியாணத்துக்கு முந்தி இப்படி வந்து நிற்கிற பெண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமி “புள்ள!” என்று ஒரு சத்தம் போட்டார். அவள் நிற்கவில்லை. நேரே வந்து ஆமினா உம்மாவின் முன்னால் நின்றாள்.

“மாமி, காணி என்ட. உலையும் என்ட. நான்தான் போடச் சொன்ன. மச்சான் சும்மா அடிச்சித் தாறார்.”

சும்மா அடிச்சித் தாறார்! புடவை ஓட்டை என்னுடையது, பூனை நாற்றம் என்னுடையது, சவளக்கடை வெயில் என்னுடையது. உலை அவளுடையது. வாயைத் திறந்தேன். ஹபீபா பின்னாலிருந்து என் சாரனை இழுத்தாள். மூடிக்கொண்டேன்.

“நீயா ஊதின?” என்று கேட்டார் ஆமினா உம்மா.

“ஓம் மாமி.”

“கையக் காட்டு.”

நீட்டினாள். கரி ஏறிய விரல்கள். துருத்திப் பலகை பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் எழுந்த கொப்புளங்கள். ஆமினா உம்மா அந்தக் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வயலில் நாற்றுப் பிடித்த அவருடைய கைகளும் அப்படித்தான் இருந்தன.

“இந்தக் கைக்கு மருதோண்டி எப்பிடிப் பிடிக்கும்?” என்றார், எரிச்சலோடு. “தேங்காயெண்ண பூசு. இண்டைக்கே பூசத் தொடங்கு.”

மாமி வாயிலிருந்து முந்தானையை எடுத்தார்.

“ஒண்டு மட்டும்” என்றார் ஆமினா உம்மா மிசினில் ஏறும்போது, என் பக்கம் திரும்பாமலே. “கலியாணத்துக்குப் பிறகு அவர் உலை மூட்டுறதெண்டா எங்கட புள்ளயிட்டக் கேட்டுத்தான் மூட்டோணும்.”

“ஓம், ஓம்” என்றார் மாமி. “ஓம்” என்றாள் ஹபீபா. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கதவு

கலியாணம் நோன்புக்கு முந்திய வாரம், ஒரு பின்னேரம் நடந்தது. கதவு அதற்கு முதல் நாள்தான் நிலையில் ஏறியது. மூன்றாவது பிணைச்சலின் கண் சற்றுப் பெரிதாகிவிட்டது. அதனால் கதவு கீழ்ப்பக்கமாக ஒரு மயிரிழை சாய்ந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று சுத்தியலைச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டு, பந்தலில் விறைப்பாக நடமாடினேன்.

மாப்பிள்ளையைக் கொண்டு வந்து உள்ளே விட்டார்கள். பெண்கள் குரவை போட்டார்கள். எல்லோரும் வெளியே வந்ததும், “கதவ அடைங்க மகன்” என்றார் ஆமினா உம்மா.

ஜலீல் தள்ளினார். இரண்டு விரல் இடைவெளியில் கதவு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். முதிரை முனகியது, அசையவில்லை. பந்தலில் யாரோ சிரித்தார்கள். ஆமினா உம்மாவின் கண் என்னைத் தேடியது. நான் சுத்தியலை உருவிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன்.

“கொஞ்சம் பொறுங்க. ஒரு தட்டுத் தட்டினாச் சரி!”

உள்ளேயிருந்து ஸுலைகாவின் குரல் கேட்டது. புருஷனோடு அவள் கதைத்த முதல் கதையை ஊரே கேட்டது.

“தள்ளாதங்க. தூக்கி அடைக்கோணும்.”

கதவின் அடியில் அவளுடைய கால் வந்தது. கதவு ஒரு நெல் உயரம் எழும்பியது. பிறகு, எண்ணெயில் வழுக்கியது போல, சுத்தியலோடு நின்ற என் மூக்குக்கு நேரே வந்து மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தத் தாழ்ப்பாளையும் நான்தான் அடித்திருந்தேன்.